காப்பிரைட்டிங்னா என்ன, சிங்கப்பூர்ல இதை வச்சு பொழைக்கலாமா?

காப்பிரைட்டிங்னு சொன்னதும் நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது டிவி விளம்பரத்துல கடைசியா வர்ற அந்த ஒத்த வரி பஞ்ச் தான். அது பெரிய ஏஜென்சிக்காரங்க உலகம், இங்க நான் சொல்லப் போறது அதைப் பத்தி இல்ல. லெட்டர்பாக்ஸ்ல வந்து விழுற டியூஷன் நோட்டீஸ், கேரசல்ல பழைய சோஃபாவ விக்கறதுக்கு போடுற நாலு வரி, ஏர்கான் சர்வீஸ் கம்பெனி வெப்சைட்டோட மொத பக்கம், ஷாப்பீல ஹேர் ஆயில் பாட்டிலுக்கு கீழ இருக்கற விவரம், ஒலி 968 ரேடியோவுல கடை விளம்பரத்துக்கு வாசிக்கற ஸ்கிரிப்ட், கேட்டரிங் ஆன்டி தீபாவளிக்கு முன்னாடி வாட்சப்ல தட்டி விடுற மெசேஜ், இது எல்லாமே காப்பி தான். படிச்சு முடிச்சவங்க ஏதோ ஒரு காரியம் பண்ணணும், ஃபோன் அடிக்கணும், ஆர்டர் போடணும், கடைக்கு வரணும், அதுக்காக எழுதுற எழுத்து எதுவா இருந்தாலும் காப்பி தான். இதுல பெரும்பாலானத யாரு எழுதுறாங்கன்னு பாத்தீங்கன்னா கடை முதலாளியே ராத்திரி பதினோரு மணிக்கு கடைய சாத்திட்டு கண்ண கசக்கிட்டு எழுதுறாரு, இல்லன்னா டிசைனர் பையன் சும்மா எதையோ போட்டு நிரப்புறான். புதுசா வர்றவங்களுக்கு வேலை இருக்கறது அங்க தான்.

இதுக்கு பெரிய இலக்கிய திறமை வேணும்னு நினைச்சு பயப்படுறவங்களும் உண்டு, நல்லா கவிதை எழுதுவோம் அதனால இது சுலபமா வந்துடும்னு நினைக்கறவங்களும் உண்டு, என்னைக் கேட்டா ரெண்டு பேருமே பாதி தப்பு. 1904ல ஜான் இ. கென்னடின்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஒரு விளம்பர கம்பெனிக்கு போயி, விளம்பரம்னா அச்சடிச்ச விற்பனை, அவ்வளவு தான்னு சொன்னாரு, இன்னைக்கு வரைக்கும் இந்த தொழில்ல அதைவிட சுருக்கமா யாரும் சொன்னதா எனக்கு தெரியல. நம்ம சிராங்கூன் ரோட்டுல புடவைக் கடையில பாயில உக்காந்து புடவைய விரிச்சுப் போடுற அண்ணன்களை பாத்திருப்பீங்க. அவரு உங்க மூஞ்சியையே பாத்துட்டு இருப்பாரு, முந்தானைய தொட்டுப் பாத்து கைய எடுத்தீங்கன்னா 'சாயம் போகாதுக்கா, நான் சொல்றேன்ல'ன்னு வாய தொறப்பாரு, நீங்க ஒன்னுமே கேட்டிருக்க மாட்டீங்க. காகிதத்துக்கும் ஃபோன் ஸ்கிரீனுக்கும் அந்த கண்ணு இல்ல. அதனால படிக்கறவங்க மனசுல எங்க கை பின்னாடி போகும், எந்த இடத்துல 'சரி அப்புறம் பாத்துக்கலாம்'னு நினைப்பாங்கன்னு எழுதுறவங்க முன்னாடியே விசாரிச்சு தெரிஞ்சு வச்சிருக்கணும்.

புதுசா வர்றவங்க நிறைய பேர் ஆசைய தூண்டுறது தான் காப்பின்னு நினைச்சுக்கறாங்க. ஆசை பெரும்பாலும் ஏற்கனவே இருக்கு, ஏர்கான்ல தண்ணி சொட்டுறவனுக்கு ஏர்கான் சர்வீஸ் மேல ஆசைய நீங்க போய் உண்டாக்க வேண்டியதில்ல. அவனை தடுக்கறது ஒரு தயக்கம். வந்து பாத்துட்டு கேஸ் போடணும், சிப் போயிடுச்சுன்னு இழுத்து 80 வெள்ளிய 300 ஆக்கிடுவானோன்னு பயம். அந்த பயத்துக்கு பதில் சொல்ற ஒரு வரி, 'வந்து பாத்த பிறகு தான் விலை சொல்லுவோம், நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்க்ரூட்ரைவர தொட மாட்டோம்' மாதிரி ஒன்னு, பத்து வரி வர்ணனைய விட அதிகமா வேலை செய்யும். ஆக தயக்கத்த கண்டுபிடிக்கறது தான் முக்கால்வாசி வேலை, எழுதுறது மிச்சம்.

இதை கொஞ்சம் கிட்ட போய் பாப்போம். எனக்குத் தெரிஞ்ச ஒரு தையல்கடை, லிட்டில் இந்தியால ஒரு சந்துல மாடியில இருக்கு, ப்ளவுஸ் தைக்கறாங்க. அவங்க நோட்டீஸ்ல இருந்தது இது தான்: 'தரமான தையல், நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்.' இதுல பொய் ஒன்னும் இல்ல. ஆனா கீழ் மாடியில இருக்கற இன்னொரு தையல்கடை பேர அதே நோட்டீஸ்ல போட்டு பாருங்க, அப்பவும் அது அப்படியே பொருந்தும், ஏன் சலூன் பேர போட்டாலும் 'தையல'ங்கற ஒத்த வார்த்தைய மாத்தினா போதும், பொருந்திடும். பக்கத்து கடைக்கும் பொருந்துற வரி எதுவா இருந்தாலும் அடிச்சுடுங்க. புதுசா எழுதுறவங்க இந்த ஒரு சோதனைய மட்டும் பழக்கமாக்கிட்டா போதும், பாதி குப்பை தானா போயிடும்.

சரி, அடிச்சாச்சு, இப்ப பேப்பர் காலியா இருக்கு. அதுல எதை போடறதுன்னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து யோசிச்சா வராது, கடைக்கு போய் அக்காகிட்ட கேக்கணும்.

'அக்கா, உள்ள வர்றவங்க மொத மொத என்ன கேப்பாங்க?'

'தீபாவளிக்கு முன்னாடி கெடைச்சுடுமான்னு தான் கேப்பாங்க தம்பி. அப்புறம் அளவு ப்ளவுஸ் கொண்டாரணுமான்னு. விலையெல்லாம் கடைசியில தான்.'

'நீங்க என்ன சொல்வீங்க?'

'நான் தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போதே ஆர்டர் புக்க மூடிடுவேன், எவ்ளோ கெஞ்சுனாலும் வாங்க மாட்டேன். அதுல தான் பாதி யாவாரம் போகுது. இதையெல்லாம் போய் நோட்டீஸ்ல போட்டுறாத.'

போட வேண்டியதே அது தான்! அக்கா அதை குறையா நினைக்கறாங்க, ஆனா போன வருஷம் வேற எங்கயோ குடுத்துட்டு தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி கடை வாசல்ல நின்ன பொம்பளைக்கு அதைவிட பெரிய உத்தரவாதம் கிடையாது. அதனால புது நோட்டீஸ் இப்படி ஆச்சு:

'தீபாவளிக்கு ப்ளவுஸ் தைக்கணுமா? 3 வாரம் முன்னாடியே ஆர்டர் புக்கை மூடிடுவோம். அதுக்கு மேல வாங்கினா சொன்ன தேதிக்கு தர முடியாது, அதனால வாங்குறதில்ல. உங்களுக்கு கச்சிதமா இருக்கற பழைய ப்ளவுஸ் ஒன்னு எடுத்துட்டு வாங்க, இல்லன்னா இங்கயே அளவு எடுத்துக்கலாம். டிசைன் ஃபோட்டோ இருந்தா இப்பவே வாட்சப்ல அனுப்புங்க, முடியுமா முடியாதான்னு அன்னைக்கே சொல்றோம். லைனிங் வச்சது, வைக்காதது ரெண்டுக்கும் விலை கீழ இருக்கு.'

இதுல அலங்காரம்னு ஒன்னுமே இல்ல பாருங்க. மொத வரி யாருக்குன்னு சொல்லிடுது, சுரிதார் தைக்க வந்தவங்க அப்படியே நகர்ந்து போயிடுவாங்க, போகட்டும். ரெண்டாவது வரி பெரிய பயத்துக்கு பதில், அதுவும் 'நேரத்துக்கு கொடுப்போம்'னு வெறும் வாக்கு குடுக்காம எப்படி நேரத்துக்கு குடுக்கறாங்கங்கற வழியையே சொல்லுது, அதனால தான் நம்பத் தோணுது. அளவு ப்ளவுஸ் வரி ஒரு சின்ன சங்கடத்த எடுத்துடுது. கடைசியில ஒரே ஒரு காரியம் கேக்குது, ஃபோட்டோ அனுப்புங்க. கடைக்கு வாங்கன்னு கேட்டிருந்தா எம்ஆர்டி ஏறணும், மாடி ஏறணும், ஃபோட்டோ அனுப்பறது படுத்துகிட்டே பண்ணலாம், அனுப்பிட்டாங்கன்னா பேச்சு ஆரம்பிச்சாச்சுல்ல. வாட்சப் லிங்க்லயே மெசேஜ முன்கூட்டி டைப் பண்ணி வைக்கற வசதி இருக்கு, தட்டினவுடனே 'தீபாவளி ப்ளவுஸ் பத்தி கேக்கணும்'னு வந்து நிக்கும், அவங்க அனுப்புற பட்டன அழுத்தினா போதும்.

இது ஏதோ சின்னக் கடைக்கு மட்டும் பொருந்துற விஷயம்னு நினைக்காதீங்க. டேவிட் ஓகில்வி 1958ல ரோல்ஸ்ராய்ஸ் காருக்கு எழுதின தலைப்பு விளம்பர உலகத்துல எல்லாருக்கும் மனப்பாடம், மணிக்கு 60 மைல் வேகத்துல போகும்போது இந்த கார்ல கேக்குற பெரிய சத்தமே அதோட எலக்ட்ரிக் கடிகாரம் தான்னு வரும். அது அவரு மூளையில பளிச்சுனு உதிச்ச வரி கிடையாது. ஒரு மோட்டார் பத்திரிகையோட டெக்னிக்கல் எடிட்டர் கார ஓட்டிப் பாத்துட்டு எழுதினது, ஓகில்வி கார பத்தி வந்த தகவலையெல்லாம் வாரக்கணக்குல உக்காந்து படிச்சாரு, படிக்கும்போது அது கண்ணுல பட்டுச்சு, எடுத்து மேல போட்டாரு. 'சத்தமே இல்லாத சொகுசு'ன்னு எழுதியிருந்தா இன்னைக்கு யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க, கடிகாரம்னு சொன்னதும் காதுலயே கேக்குதுல்ல.

விசாரிக்கறதுக்கு எங்க போறது? முதலாளிகிட்ட பேசுறது ஒன்னு. கூகிள் ரிவ்யூ படிக்கறது இன்னொன்னு, அதுல 5 ஸ்டார விட்டுடுங்க, 'குட் சர்வீஸ்'னு ஒத்த வரியில முடிஞ்சிருக்கும், 1 ஸ்டார் போட்டவங்க பாதி பேரு கோவத்துல எழுதியிருப்பாங்க, 3 ஸ்டார் தான் தங்கம், பிடிச்சிருக்கு ஆனா ஏதோ ஒன்னு உறுத்துதுன்னு சொல்லியிருப்பாங்க, அந்த உறுத்தல் தான் உங்களுக்கு வேணும். உங்க கடையோடது மட்டும் இல்ல, போட்டிக் கடைகளோட ரிவ்யூவும் படிங்க. முதலாளி ஒத்துக்கிட்டா கஸ்டமர் பேரு, நம்பரை மறைச்சுட்டு வாட்சப் கேள்விகள காட்டச் சொல்லுங்க, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தா அதுக்கு பதில் நோட்டீஸ்ல இல்லன்னு அர்த்தம். கேட்டவங்க சொன்ன வார்த்தைய அப்படியே நோட்டுல எழுதிக்கங்க, நீங்க அழகுபடுத்தாதீங்க, 'அளவு சரியில்லாம அக்குள்ல இழுக்குது'ன்னு ஒருத்தங்க சொன்னா அதை 'பொருத்தமற்ற வடிவமைப்பு'ன்னு மாத்தி வச்சீங்கன்னா படிக்கறவங்களுக்கு அது தன்னோட ப்ளவுஸ்னே தோணாது.

ஃபார்முலா பத்தி ஒரு வார்த்தை. ஐடான்னு ஒன்னு எல்லா கோர்ஸ்லயும் மொத கிளாஸ்ல வந்துடும், கவனம், ஆர்வம், ஆசை, செயல்னு நாலு படி, 1898ல எல்மோ லூயிஸ்ங்கறவர் ஆரம்பிச்சு வச்சதா சொல்வாங்க. தெரிஞ்சு வச்சுக்கங்க, எழுதி முடிச்சப்புறம் ஏதாவது விட்டுப் போச்சான்னு பாக்க உதவும். அதை முன்னாடி வச்சுகிட்டு கட்டம் கட்டமா நிரப்பினா எல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கும்.

அடுத்து மொழி. இங்க கொஞ்சம் கசப்பான கணக்கு இருக்கு, 2020 மக்கள்தொகை கணக்கெடுப்புல வீட்டுல அதிகமா தமிழ் பேசுறதா சொன்னவங்க 2.5 சதவீதம் தான், அதனால தமிழ்ல மட்டும் காப்பி எழுதி முழு நேரமா பொழைக்கறது சிங்கப்பூர்ல ரொம்ப கஷ்டம், நேர்மையா சொல்லிடறேன். ஆனா இங்கிலீஷ்ல எழுதிகிட்டு தமிழும் கைவசம் வச்சிருந்தா அது பெரிய பலம். நகைக்கடை, கேட்டரிங், கல்யாண அலங்காரம், தமிழ் டியூஷன், ஊருக்கு பணம் அனுப்புற கடை, வீட்டு வேலை ஏஜென்சின்னு நம்ம ஆளுங்க கஸ்டமரா இருக்கற தொழில் நிறைய இருக்கு, அங்க இங்கிலீஷ்ல எழுதினாலும் அம்மா என்ன சொல்லுவாங்க, மாமியார் எதுக்கு மூஞ்சிய சுளிப்பாங்கன்னு உங்களுக்கு தெரியும், வெளியாளுக்கு அது தெரியாது. தமிழ் முரசுல விளம்பரம் கொடுக்கறவங்க இங்கிலீஷ்ல எழுதிட்டு மொழிபெயர்த்து தாங்கன்னு கேப்பாங்க. அப்படி வரும்போது வரிக்கு வரி மாத்தாதீங்க, என்ன காரியம் நடக்கணும்னு கேட்டுட்டு தமிழ்லயே புதுசா எழுதிக் கொடுங்க, அதுக்கு மொழிபெயர்ப்பு ரேட்ட விட கூடுதலா கேக்கறதும் நியாயம்.

தமிழ்ல எழுதிக் குடுத்தா இன்னொரு தலைவலி இருக்கு, இதை யாரும் கோர்ஸ்ல சொல்லித் தர மாட்டாங்க. நீங்க ஒழுங்கா டைப் பண்ணி அனுப்புவீங்க, தமிழ் தெரியாத டிசைனர் அதை காப்பி பேஸ்ட் பண்ணுவாரு, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு 'கொ' பிச்சுகிட்டு நிக்கும், புள்ளி எழுத்துக்கு மேல உக்காராம பக்கத்துல உக்காந்திருக்கும். இண்டிசைன் மாதிரி சாஃப்ட்வேர்ல இந்திய மொழிகளுக்கு தனி கம்போசர் செட்டிங் இருக்கு, அதை மாத்தாம விட்டா இப்படி தான் ஆகும். அதனால பிரிண்டுக்கு போறதுக்கு முன்னாடி கடைசி பிடிஎஃப் எனக்கு வரணும்னு மொதல்லயே பேசி வச்சுக்கங்க. எழுத்து உடைஞ்ச பேனர் தேக்காவுல தொங்கினா ஊரே ஃபோட்டோ எடுத்து ஷேர் பண்ணும், எழுதினது யாருன்னு தான் கேப்பாங்களே தவிர டிசைன் பண்ணது யாருன்னு கேக்க மாட்டாங்க.

பொய் சொல்லி விக்கலாமான்னு கேட்டா, விக்கலாம், ஒரு தடவை. இங்க சட்டமும் சும்மா இல்ல. நுகர்வோர் சங்கமான கேஸ் (CASE) அமைப்போட ஆலோசனைக் குழுவா 1976ல இருந்து விளம்பரத் தர ஆணையம் இருக்கு, விளம்பரத்துல சொன்னதுக்கு ஆதாரம் கேட்டா காட்டணும்ங்கறது அவங்க விதி, இல்லாத கஸ்டமர் பேர்ல பாராட்டு எழுதுறது எல்லாம் வம்பு. 2020 நவம்பர்ல இருந்து விலை வெளிப்படைத்தன்மைக்கு வழிகாட்டியும் இருக்கு, 'வழக்கமான விலை 200, இப்ப 99'னு போட்டா அந்த 200க்கு நெஜமாவே வித்திருக்கணும், 'இன்னைக்கு மட்டும்'னு போட்டுட்டு நாளைக்கும் அதையே ஓட்டக் கூடாது. ஜிஎஸ்டி பதிவு பண்ணின கடைன்னா விளம்பரத்துல போடுற விலை 9 சதவீத வரிய சேத்து தான் இருக்கணும், சர்வீஸ் சார்ஜ் வாங்குற ஹோட்டல், ரெஸ்டாரண்டுக்கு மட்டும் விதிவிலக்கு, அதனால தான் அங்க மட்டும் விலைக்குப் பக்கத்துல பிளஸ் பிளஸ் (++) பாக்கறோம். முகவரி தெரியாத ஆயிரம் நம்பருக்கு வாட்சப்ல விளம்பரம் அனுப்பலாம்னு கிளையண்ட் சொன்னா, 2014ல இருந்து விளம்பரம் வேண்டாம்னு நம்பரை பதிஞ்சு வச்சவங்களோட டூ நாட் கால் பட்டியல் இருக்கு அண்ணே, அதை செக் பண்ணாம அனுப்பினா மாட்டிப்பீங்கன்னு சொல்லுங்க. மருந்து, லேகியம், உடம்பு இளைக்கற டீ இதெல்லாம் வந்தா புதுசா இருக்கற வரைக்கும் தொடாம இருக்கறது நல்லது, அதுக்கு விதிமுறை தனி.

இப்ப பொழப்புக்கு வருவோம். கிளையண்டே இல்லாம சாம்பிள் எப்படி காட்டறது, சாம்பிள் இல்லாம கிளையண்ட் எப்படி கிடைப்பாங்கன்னு எல்லாரும் மாட்டிக்கற இடம் இது. ஒரே துறையில, டியூஷன்னா டியூஷன், கேட்டரிங்னா கேட்டரிங், நெஜமா வெளியில இருக்கற மூணு விளம்பரத்த எடுத்து கடை பேர மறைச்சுட்டு நீங்க எப்படி எழுதுவீங்கன்னு எழுதுங்க, பக்கத்துலயே ஏன் அப்படி மாத்தினீங்கன்னு ரெண்டு ரெண்டு வரி எழுதுங்க. பயிற்சிக்காக எழுதினதுன்னு மேல போட்டுடுங்க. முதலாளிங்க எழுத்த விட அந்த காரணத்த தான் படிப்பாங்க, என் அனுபவத்துல வேலை அதுனால தான் கிடைக்குது.

ஒரே துறைன்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. டியூஷன் சென்டருக்கு ஒரு தடவை விசாரிச்சீங்கன்னா தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வருஷத்துல அப்பா அம்மா மனசுல என்ன ஓடுதுன்னு உங்களுக்கு தெரிஞ்சுடும், கிளாஸ்ல எத்தனை பிள்ளைங்க, வாத்தியார் பாதியில மாறிடுவாரா, ஒரு கிளாஸ் விட்டா காசு போயிடுமான்னு கவலை எல்லாம் ஒன்னு தான், அடுத்த டியூஷன் சென்டருக்கு பாதி உழைப்பு போதும். எல்லாருக்கும் எல்லாம் எழுதுவேன்னு சொல்றவங்க ஒவ்வொரு தடவையும் சைபர்ல இருந்து ஆரம்பிக்கணும்.

அப்புறம் வேலை கேக்கறது. அதுவும் ஒரு காப்பி தான், முதலாளிக்கும் தயக்கம் இருக்கு, இவன் எழுதி என்ன ஆகப் போகுது, முன்பணம் வாங்கிட்டு காணாம போயிட்டா, சாட்ஜிபிடிகிட்ட கேட்டா ஃப்ரீயா வருமே. 'வணக்கம், நான் ஒரு கிரியேட்டிவ் காப்பிரைட்டர்'னு ஆரம்பிக்கற மெசேஜ் நேரா குப்பைக்கு போகும். அதுக்கு பதிலா இப்படி ஒன்னு அனுப்பிப் பாருங்க: 'வணக்கம் சார், உங்க சென்டர் ரிவ்யூவெல்லாம் படிச்சேன், நாலஞ்சு பெத்தவங்க ரீப்ளேஸ்மெண்ட் கிளாஸ் உண்டான்னு கேட்டிருக்காங்க, நீங்க உண்டுன்னு பதில் சொல்லியிருக்கீங்க, ஆனா வெப்சைட்ல எங்கயுமே அது இல்ல. அந்த ஒரு பகுதிய மட்டும் எழுதிக் குடுக்கறேன், 80 வெள்ளி, பிடிச்சா மிச்சத்த பேசுவோம்.' சின்ன வேலை, சின்ன காசு, அவருக்கு பயம் குறைவு. ஃப்ரீயா எழுதிக் குடுக்காதீங்க, ஃப்ரீயா வந்ததுக்கு மதிப்பு கிடையாது, திருத்தம் மட்டும் ஆயிரம் வரும்.

சாட்ஜிபிடி பத்தி மறைக்க வேண்டியதில்ல, நானும் யூஸ் பண்றேன், முப்பது தலைப்பு வேணும்னா நிமிஷத்துல தரும். ஆனா ஒன்னுமே விசாரிக்காம 'தையல்கடைக்கு விளம்பரம்'னு கேட்டா அதுவும் 'தரமான தையல், நியாயமான விலை'ன்னு தான் தரும், மாடியில உக்காந்திருக்கற அக்கா ஆர்டர் புக்க மூடுற கதை அதுக்கு எப்படி தெரியும். அந்த கதைய கொண்டு வர்றதுக்கு தான் உங்களுக்கு காசு. அதே மாதிரி 'மாசம் பத்தாயிரம் வெள்ளி வீட்டுல இருந்தே'ன்னு விக்கற கோர்ஸ் பக்கம் போகாதீங்க, அந்த விளம்பரத்தையே ஒரு காப்பியா உக்காந்து பிரிச்சு படிங்க, அது தான் அந்த கோர்ஸ்லயே நல்ல பாடமா இருக்கும். சிங்கப்பூரரா இருந்து 25 வயசு ஆச்சுன்னா கோர்ஸ் கட்டணத்துக்கு அரசாங்கம் தர்ற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் இருக்கு, அதுக்கு ஒத்து வர்ற மார்க்கெட்டிங் கோர்ஸ் எதையாவது எடுத்துக்கலாம்.

ரேட் எவ்வளவு போடறதுன்னு கேக்கறவங்களுக்கு, ஊர்ல என்ன ரேட்னு தேடாதீங்க, உங்க கணக்க போடுங்க. கைக்கு மாசம் 3,500 வெள்ளி வேணும்னு வைங்க. கம்பெனியில இருந்தா 55 வயசு வரைக்கும் முதலாளி பங்கா 17 சதவீதம் சிபிஎஃப் விழும், இங்க அது இல்ல, எம்சி எடுத்தா சம்பளம் இல்ல, மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்ப நீங்களே கட்டணும், லேப்டாப் உங்க காசு. எல்லாம் சேத்து 4,200னு வைங்க. மாசத்துல வேலை நேரம் 160 மணின்னாலும் அதுல பாதிக்கு மேல கிளையண்ட் தேடறதுலயும் பேசுறதுலயும் பணத்துக்கு அலையறதுலயும் போயிடும், காசு வர்ற நேரம் 70 மணி தான் மிஞ்சும். ஆக மணிக்கு 60 வெள்ளி. ஒரு வெப் பக்கத்துக்கு விசாரணையும் சேத்து 10 மணி நேரம் ஆகும்னா 600 வெள்ளி. கிளையண்ட்கிட்ட மணிக் கணக்கு சொல்ல வேண்டாம், மொத்த விலை சொல்லுங்க, ஏன்னா கை பழகப் பழக நேரம் குறையும், அதுக்காக சம்பளமும் குறையக் கூடாதுல்ல. ஆரம்பத்துல இந்த ரேட் எல்லாரும் குடுக்க மாட்டாங்க, அதனால கைல ஆறு மாச செலவுக்கு காசு இல்லாம இருக்கற வேலைய விட்டுடாதீங்க, சனி ஞாயிறுல ஆரம்பிங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா. குடிமக்களும் பிஆரும் ஃப்ரீலான்ஸ் பண்ணலாம். வேலை பாஸ்ல, அது எம்ப்ளாய்மெண்ட் பாஸோ எஸ் பாஸோ வொர்க் பெர்மிட்டோ, வந்தவங்க பாஸ் எடுத்துக் குடுத்த முதலாளிக்கு மட்டும் தான் வேலை செய்யணும், சைடுல நோட்டீஸ் எழுதிக் குடுத்து காசு வாங்கறதும் தப்பு தான், இதுல ரிஸ்க் எடுக்காதீங்க. ஐசியில இருக்கற முழுப் பேர்லயே தொழில் பண்ணினா தொழில் பதிவு அலுவலகமான அக்ராவுல பதிய வேண்டியதில்ல, கம்பெனி மாதிரி வேற பேரு வச்சா பதியணும். வருமானத்த வரி அலுவலகமான ஐராஸ்ல தொழில் வருமானமா காட்டணும், ஆன்லைன்ல கடைசி நாள் ஏப்ரல் 18, செலவு போக வருஷத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல நின்னா மெடிசேவ் கட்டணும், பில்லு ரசீதெல்லாம் 5 வருஷம் வச்சிருக்கணும். ஜிஎஸ்டி கவலை வருஷத்துக்கு 10 லட்சம் வெள்ளிக்கு மேல வித்தா தான், வந்தா சொல்லுங்க, டீ வாங்கிக் குடுங்க.

கடைசியா பணம். பாதி முன்பணம் பேநவ்ல வந்தப்புறம் தான் ஆரம்பிக்கணும், தெரிஞ்சவங்கன்னாலும், சொந்தக்காரங்கன்னா கண்டிப்பா. என்ன எழுதுறீங்க, எப்ப தருவீங்க, எத்தனை தடவை திருத்தம், மிச்ச காசு எத்தனை நாள்லன்னு ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் ஒத்துக்கங்க. ஃப்ரீலான்ஸ் ஆளுங்கள வேலைக்கு எடுக்கும்போது இதையெல்லாம் எழுத்துல வைக்கணும்னு 2018ல அரசாங்கம், முதலாளிங்க, தொழிற்சங்கம் சேர்ந்து போட்ட முத்தரப்பு தரநிலையே வந்திருக்கு, எழுதி கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க, 'எல்லாரும் பண்றது தான் சார்'னு சொல்லுங்க. திருத்தம் ரெண்டு தடவைன்னு எண்ணிக்கை போடாம விட்டீங்கன்னா அண்ணன், அண்ணி, அக்கவுண்டண்ட்னு ஆளாளுக்கு ஒரு கமா மாத்துவாங்க. அப்படியும் காசு வரலன்னா மொத வாரம் மரியாதையா ஞாபகப்படுத்துங்க, அப்புறம் தேதி போட்டு எழுத்துல கேளுங்க, அதுக்கும் அசையலன்னா வேலைத் தகராறுகள பேசித் தீர்த்து வைக்கற டேடம் (TADM) அமைப்புல சுயதொழில் பண்றவங்களுக்கு சமரசப் பேச்சு ஏற்பாடு பண்ணித் தருவாங்க. அதுக்கு மேல சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கு, 20,000 வெள்ளி வரைக்கும் போகலாம், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா 30,000, பிரச்சினை வந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். அங்க வக்கீல் வச்சுக்க முடியாது, நீங்களே தான் பேசணும், அதனால வாட்சப் சாட், இன்வாய்ஸ், அனுப்பின ஃபைல் எல்லாத்தையும் தேதியோட ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சுக்கங்க, ஃபோன மாத்தும்போது பேக்கப் எடுக்க மறந்துடாதீங்க.